கேழ்வரகுக் கொல்லைக்குக் கீழே: தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் புதைந்ததைப் பயிர் எப்படிக் காட்டும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களைப் பெரும்பாலும் மல்லசந்திரத்துக்குத்தான் அனுப்புவார்கள். பாறைக் குன்றின் மேல், பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி மேலே பெரிய கல்லால் மூடிய கல்திட்டைகள் அங்கே கூட்டமாக நிற்கின்றன. முன்பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். வெளியே சுற்றிலும் இன்னொரு வரிசைப் பலகைகள். சுற்றுவட்டாரத்தில் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் அவை நிற்பதற்குக் கட்டியவர்களின் திறமை ஒரு காரணம். அந்தப் பாறையில் ஏர் ஏறாது என்பது இன்னொரு காரணம், அதுவும் சின்னக் காரணம் இல்லை.

கீழே சமநிலத்தில் இருந்தவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லறையைச் சுற்றி நட்ட கல்வட்டத்தின் கற்கள் வரப்புக்குப் போயின. மூடுகல் உடைந்து கிணற்று மேட்டில் துவைகல் ஆனது. குழியை மண் மூடியது, மேலே தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைந்தன. ஆகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தொல்லியல் வரைபடத்தை விரித்துப் பார்த்து, அன்றைய மக்கள் குன்றடியிலும் பாறைச் சரிவிலும்தான் வாழ்ந்தார்கள், புதைத்தார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த வரைபடம் பெருமளவுக்கு உழப்படாத நிலத்தின் வரைபடம். உழுத நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு நமக்கு வேறு ஒரு வழி வேண்டும். அந்த நிலத்தில் முளைக்கும் பயிரையே கேட்பதுதான் அந்த வழி.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம் என்பதற்கு மயிலாடும்பாறை போதும். பர்கூர் வட்டத்தில் உள்ள அந்த இடத்தில் மாநிலத் தொல்லியல் துறை 2021-ல் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த மாதிரிகளின் காலம் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 2172, 1615 என்று கணிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரும்புப் பயன்பாடு 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022 மே 9-ல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பின்னர் 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலக்கணிப்பு அதற்கும் முன்னே சென்றது. ஆனாலும் மயிலாடும்பாறையின் எடை குறையவில்லை. புதிய கற்காலத்திலிருந்து இரும்புக் காலத்துக்கு மக்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பதை ஒரே இடத்தில் படிக்கத் தரும் மண் அது. ஊத்தங்கரை வட்டத்துச் சென்னானூரில் 2024-ல் அகழாய்வு தொடங்கியது. தர்மபுரியை அடுத்த மோதூர், இரும்பு உருக்கிய தடயம் தந்த குட்டூர், பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் 1960-களிலேயே தோண்டப்பட்ட பையம்பள்ளி என்று புள்ளிகள் நீள்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் திறக்கப்படுவது சில சதுரக் குழிகள் மட்டுமே. சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கரில் அடுத்த குழியை எங்கே போடுவது என்பதற்கு மேற்பரப்பில் கிடைக்கும் பானையோடும் ஊர்ப் பெரியவர்களின் சொல்லும்தான் இன்றுவரை பெரிய துணை.

வேர் சொல்வது என்ன?

புதைந்த பொருளைச் செடி பார்ப்பதில்லை. அது உணர்வது ஈரத்தையும் சத்தையும் வேர் இறங்கும் ஆழத்தையும்தான். பழைய காலத்தில் ஒரு குழியோ அகழியோ வெட்டப்பட்டுப் பின்பு தூர்ந்துபோனால், அதில் நிறைந்த மண் சுற்றியுள்ள கெட்டி மண்ணைவிட இளகலாகவும் ஆழமாகவும் இருக்கும். ஈரத்தைப் பானைபோல் பிடித்துவைத்துக்கொள்ளும். மழை தவறிய வாரத்தில் அதன் மேலுள்ள பயிர் மட்டும் பசுமை மாறாமல் நிற்கும், ஒரு விரல் உயரமாகவும் நிற்கும். கீழே கல் சுவரோ பாவிய தளமோ பலகைக் கல்லோ இருந்தால் நேர் எதிராக நடக்கும். வேருக்கு ஆழம் கிடைக்காது, மேல்மண் சீக்கிரம் காயும், அந்த இடத்துப் பயிர் முதலில் வெளிறும். தரையில் நின்று பார்த்தால் இது அங்கங்கே நல்லதும் கெட்டதுமாகத் தெரியுமே தவிர உருவமாகத் தெரியாது. உயரத்திலிருந்து பார்த்தால் வட்டமும் சதுரமும் கோடும் தெரியவரும். இதைப் பயிர்த்தடம் என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் இதை 16-ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் கேம்டன் கவனித்து எழுதியிருக்கிறார். ரிச்பரோ என்ற ரோமானிய ஊர் இருந்த இடத்தில் தானியப் பயிர் வளரும்போது பழைய தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பயிரில் தெரிந்தன. முதல் உலகப் போருக்குப் பின் விமானப் படங்கள் பெருகியபோது ஓ.ஜி.எஸ். கிராஃபர்ட் என்ற தொல்லியலாளர் இதை ஒரு முறையாகவே வளர்த்தார். பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலுள்ள வுட்ஹெஞ்ச் 1925-ல் இன்சால் என்ற விமானி எடுத்த படத்தால் வெளிப்பட்டது. மரத்தூண்கள் நின்ற குழிகள் அடுத்த கோடையில் கோதுமைப் பயிரில் வளையம் வளையமாகத் தெரிந்தன.

ஸ்டோன்ஹெஞ்சிலேயே நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2013 கோடையில் அங்கே புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒரு பக்கம் எட்டவில்லை. எட்டாத இடத்தில் புல் காய்ந்தபோது திட்டுத் திட்டாகச் சில இடங்கள் மட்டும் தனியாக வெளிறின. காணாமல்போன பெருங்கற்கள் நின்ற குழிகளோடு அவை பொருந்தின. அந்தக் கல்வட்டம் ஒருகாலத்தில் முழுமையாக இருந்ததா என்ற நெடுநாள் விவாதத்துக்குக் கடப்பாரை இல்லாமல் ஒரு சான்று கிடைத்தது. வறட்சி இந்தத் துறைக்குச் செய்யும் உதவி இதுதான். வெனிஸ் அருகே அல்டினும் என்ற ரோமானிய நகரத்தின் மேல் இன்று மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. 2007 ஜூலையில் கடும் வறட்சியின் நடுவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் அந்த வயல்களைப் படம் எடுத்தார்கள். மதில், தெருக்கள், அரங்கம், நகரின் நடுவே ஓடிய கால்வாய் எல்லாம் வரைபடமாகவே எழுந்தன. 2009-ல் அது வெளியிடப்பட்டது. 2018 ஜூலையில் அயர்லாந்தின் போய்ன் பள்ளத்தாக்கில், நியூகிரேஞ்ச் கல்லறைக்கு அருகே, வறண்ட வயலின் மேல் டிரோன் பறக்கவிட்ட இருவர் அதுவரை எவருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்ட அமைப்பைக் கண்டார்கள்.

கண்ணுக்கு முன்பே தெரிவது

பயிர் வாடுவது நம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கருவிக்குத் தெரியும். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்புகிறது. நலமான இலை சிவப்பில் மிகக் குறைவாகவும் அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியளவும் பிரதிபலிக்கும். வாட்டம் தொடங்கினால் இந்த இடைவெளி சுருங்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்தான் பசுமைக் குறியீடு. பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி மதிப்பீட்டுக்கும் பயன்படுவதும் இதுவே. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவிலுள்ள குறுகிய அலைப்பட்டை இன்னும் நுட்பமானது, பச்சையம் சற்றே குறைந்தாலும் அங்கே அசைவு தெரியும். வெப்பப் படம் மூன்றாவது வழி. தண்ணீர் போதாத செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஆவியாதல் குறையும், இலை சூடேறும். உச்சிவேளையில் அந்தச் சூடு சுற்றுப்பயிரிலிருந்து தனித்துத் தெரியும்.

எந்தச் செடி எங்கே விரும்பி வளர்கிறது என்பதும் தகவல்தான். இங்கே போட்ஸ்வானாவைச் சொல்லியாக வேண்டும். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் டவுட்ஸ்வே பண்பாட்டு மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு அடைத்த பட்டிகள் குன்றுகளின் மேலும் அடியிலும் இருந்தன. பட்டி அழிந்தும் சாணம் மக்கிய மண் அழியவில்லை. அந்த மண்ணில் ஒரே வகைப் புல் திட்டாகப் படர்ந்தது. ஜேம்ஸ் டென்போ என்ற தொல்லியலாளர் 1970-களில் விமானப் படங்களில் அந்த வெளிர்ந்த புல்திட்டுகளைத் தேடித்தேடி நூற்றுக்கு மேற்பட்ட பழைய குடியிருப்புகளைக் கண்டுபிடித்தார். அந்தப் புல்லின் அறிவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். காங்கேயம் மாடு மேயும் கொரங்காட்டில் நாம் கொழுக்கட்டைப்புல் என்று சொல்வது அதே இனம்தான்.

நம் புதிய கற்கால மக்களும் மாடு வளர்த்தவர்கள். கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பக்கத்துச் சாம்பல் மேடுகள் மாட்டுப்பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்து உண்டானவை என்பதை 1950-களில் உட்னூரில் அகழ்ந்த எஃப்.ஆர். ஆல்சின் காட்டினார். தர்மபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களில் பாதிக்குமேல் மாட்டு மந்தையைச் சுற்றியே பேசுகின்றன என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக இருக்கலாம், ஆனால் ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனை நூற்றாண்டு மாடு அடைத்த மண்ணில் சாணத்தின் சத்து எங்காவது தங்கித்தானே இருக்கும்? கொழுக்கட்டைப்புல் இங்கேயும் அப்படித் திட்டுக் கட்டுமா என்பதைக் காப்புக்காட்டு ஓரங்களிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மேய்ச்சல் மிகுந்தால் அந்தப் புல்லே குறைந்துவிடும் என்பதையும், உண்ணிச்செடி மூடிய இடத்தில் எதுவும் தெரியாது என்பதையும் மனத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

நம் கொல்லைக்கு எது பொருந்தும்?

ஐரோப்பாவில் இந்த முறை செழித்ததற்குக் காரணம் பெரிய பெரிய வயல்கள், ஒரே பயிர், ஒரே நாளில் விதைப்பு, சுண்ணாம்பும் கூழாங்கல்லும் அடியில் கொண்ட சீரான மண். நம்மிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமான துண்டுகள். கேழ்வரகுக்கு நடுவே சாலுக்குச் சால் அவரையும் துவரையும். பக்கத்துத் துண்டில் தக்காளி, அதற்கடுத்து மா. மண்ணோ செம்மண், பல இடங்களில் ஆழமே இல்லாதது. ஓரிரு அடிக்குக் கீழே மொரம்பு என்னும் சரளை மண், அதற்குக் கீழே பாறை. பாறையின் மேடுபள்ளமே பயிரில் திட்டுத் திட்டாக எழுதிவிடும். வெளிநாட்டு நூலைப் பார்த்து அப்படியே இங்கே செய்தால் கண்ட இடமெல்லாம் கல்லறையாகத் தோன்றும்.

ஆனால் இதே மொரம்பு நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. கற்பதுக்கை, அதாவது மண்ணுக்குள் பலகைக் கற்களால் பெட்டிபோல் கட்டிய கல்லறை அமைக்க அன்று மொரம்பை வெட்டிக் குழி எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழியில் நிறைந்த மண் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவோ ஆழமானது. மூடுகல்லும் பலகைகளும் பிடுங்கப்பட்டுவிட்டால் நடுவில் பசுமையான ஒரு திட்டும், சுற்றிலும் வட்டக்கற்களும் கற்குவியலும் இருந்த இடத்தில் வாடிய வளையமும் கிடைக்கலாம். மூடுகல் அப்படியே உள்ளே இருந்தால் நடுவே வாடும். ஒரே வகைச் சின்னம் இரண்டு விதமாகவும் பேசும் என்பதால், நிறத்தைவிட வடிவத்துக்கே முதலிடம் தர வேண்டும். வட்டம் ஒழுங்காக இருக்கிறதா, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா? ஈமக்காடுகளில் கல்வட்டங்கள் தனியாக நிற்பது அரிது, கூட்டமாகவே இருக்கும். பாறை மேடு அப்படி அளவெடுத்த வட்டங்களை வரிசையாகப் போடாது.

அடுத்தது எந்தப் பயிர், எந்த வாரம் என்பது. ஆடிப்பட்டத்தில் விதைத்த கேழ்வரகு தூர் கட்டிய பிறகு ஆவணியில் மழை பத்துப் பதினைந்து நாள் விட்டுப்போனால் அதுதான் நல்ல நேரம். ஒரு நல்ல மழை பெய்தால் அத்தனையும் மறைந்துவிடும். அந்தப் பருவத்தில் வானம் மேகமாக இருப்பதால் செயற்கைக்கோளை நம்ப முடியாது. என் கணிப்பில் கொள்ளுதான் இன்னும் நல்ல சாட்சி. புரட்டாசி, ஐப்பசியில் தெளித்துவிட்டால் பின்மழையின் ஈரத்தையும் பனியையும் வைத்தே ஓட்டும் பயிர் அது. தரையை மூடிப் படரும், தண்ணீர் பாய்ச்சமாட்டார்கள், உரமும் போடமாட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் வானமும் தெளிவாக இருக்கும். மண்ணில் மிஞ்சிய ஈரம் எங்கே முதலில் தீர்கிறது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் பயிர் இந்த வட்டாரத்தில் வேறில்லை. மா உதவாது. ஆழமாக வேர்விட்ட மரத்துக்கு இரண்டடிக் குழி ஒரு பொருட்டில்லை. சொட்டுநீர் போட்ட தக்காளியும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலும் எதையும் காட்டாது.

படத்தின் நுணுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படம் இலவசம், சில நாளுக்கொரு முறை வரும், ஆனால் அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் 30 மீட்டர். இந்தியாவின் லிஸ்-4 கருவியில் 5.8 மீட்டர். 12 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல்வட்டம் சென்டினல் படத்தில் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் கரைந்துவிடும். ஆகவே இலவசப் படத்தைக் கல்வட்டம் தேடப் பயன்படுத்துவது வீண். கோட்டை, அகழி, தூர்ந்த ஏரி, பழைய வாய்க்கால், பழைய குடியிருப்பு இருந்த பெரிய நத்தமேடு போன்றவற்றுக்கே அது ஏற்றது. ஓசூருக்கு அருகிலுள்ள பெங்களூரில், தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.பி. ராஜானியும் கே. கஸ்தூரிரங்கனும் தென்னிந்தியாவின் இடைக்கால ஊர்களைச் சூழ்ந்திருந்த அகழிகளை, பல அலைப்பட்டைகளில் எடுத்த பலநிறமாலைப் படங்களில் தேடிக் காட்டியிருக்கிறார்கள். பாராமகால் என்று பெயர்பெற்ற நம் பகுதியில் மலைக்கோட்டைகளுக்குக் கீழே பேட்டைகள் இருந்தன. தகடூர் அதியமான்களின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை இருக்கிறது. தூர்ந்துபோன அகழி ஏதேனும் அங்கே வயலாக மாறியிருந்தால், அதைப் பிடிப்பதற்கு 10 மீட்டர்ப் படமே போதும். கல்வட்டத்துக்கு டிரோன் வேண்டும். 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு புள்ளி சில சென்டிமீட்டர்தான்.

எது ஏமாற்றும்?

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. படத்தில் தெரியும் ஒழுங்கான வடிவங்களில் பெரும்பாலானவை நேற்றைக்கு முந்தின நாளின் வேலையாகவே இருக்கும்.

முதலாவது, களம். ஊருக்கு வெளியே கொல்லையிலேயே வட்டமாகத் தரையைக் கெட்டித்து, சாணி மெழுகி, கேழ்வரகுக் கதிரைப் போட்டு மாடு கட்டி மிதித்த இடம். கதிரடிக்கும் இயந்திரமும் தார்ச்சாலையும் வந்த பிறகு பல களங்கள் உழுது கொல்லையோடு சேர்க்கப்பட்டன. இறுகிய அந்தத் தரை பல ஆண்டுகளுக்குப் பயிரை வாட்டும். மேலிருந்து பார்த்தால் அளவும் வடிவும் அச்சாகக் கல்வட்டம்.

இரண்டாவது, கிடை. ஆட்டுக்காரர் இராத்திரி கிடை போட்ட இடத்தில் அடுத்த பட்டத்தில் பயிர் கருகருவென்று எழும். வலையோ படலோ கட்டிய அளவுக்குச் சதுரம் சதுரமாக, நாளுக்கொரு இடம் மாறிப் போட்டதால் வரிசையாக, ஒரு பழைய ஊரின் வீடுகள்போலவே தெரியும். போட்ஸ்வானாவின் புல்திட்டுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றேதான், இடைவெளி ஆயிரம் ஆண்டு.

மூன்றாவது, ஏரி வண்டல். கோடையில் டிராக்டரில் கொண்டுவந்து குவியல் குவியலாகக் கொட்டிப் பிறகு கலைப்பார்கள். சரியாகக் கலையாத இடம் பசுமைப் புள்ளியாக நிற்கும். போர்வெல்லிலிருந்து கொல்லைக்குப் பைப் புதைத்த பள்ளம் நேர்கோடாகத் தெரியும். மூடிய கிணறு, அகற்றிய வரப்பு, கரையான் புற்று, வேரோடு பிடுங்கிய புளியமரத்தின் குழி என்று பட்டியல் முடியாது.

இவற்றை ஆய்வகத்தில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. அந்தக் கொல்லைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். “இங்க எங்க தாத்தா காலத்துல களம் இருந்துதுங்க” என்பார், வேலை முடிந்தது. அதைவிட முக்கியம், அவர் கேட்காமலே வைத்திருக்கும் தகவல்: எந்த மூலையில் கேழ்வரகு எப்போதும் முந்திக் காய்கிறது, எங்கே கலப்பை கல்லில் இடறுகிறது, எங்கே உழுதால் கருப்பும் சிவப்புமான பானையோடு வருகிறது, எங்கே இரும்புக் கசடு காலில் குத்துகிறது. செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கொரு முறை பார்ப்பதை அவர் தினமும் பார்க்கிறார். இந்த ஆய்வுகளில் உழவரைத் தகவல் தந்த ஒருவர் என்று கடைசிப் பக்கத்தில் போடுவது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். படத்தைப் படிக்கும் வேலையில் அவர் பாதி.

பழைய படங்களில் மிஞ்சிய நிலம்

புதிய கருவிகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இந்த இரண்டு மாவட்டங்களுக்கு மிக மதிப்புள்ள படங்கள் அறுபதாண்டுப் பழையவையாக இருக்கலாம். அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை உலகின் பெரும்பகுதியைப் படச்சுருளில் எடுத்தன. 1995-ல் 8,60,000-க்கும் மேற்பட்ட அந்தக் காலப் படங்கள் பொதுப் பார்வைக்கு விடப்பட்டன. கடைசித் தலைமுறைக் கேமராவின் நுணுக்கம் இரண்டு மீட்டரை நெருங்கும். கருப்பு வெள்ளைதான், அகச்சிவப்பு கிடையாது. ஆனால் அது காட்டும் நிலம் இன்று இல்லை. மோட்டாரும் போர்வெல்லும் பரவாத காலம், மாந்தோப்புகள் இந்த அளவுக்கு மூடாத காலம், கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்னாத காலம், ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகள் வராத காலம். மானாவாரிக் கொல்லைகள் வானம் பார்த்துக் கிடந்த அந்த நிலத்தில்தான் பயிர்த்தடம் தெளிவாக விழும். மேற்காசியாவில் இந்தப் படங்களை வைத்துப் பழைய ஊர் மேடுகளையும் அவற்றை இணைத்த பாதைகளையும் ஏராளமாகக் கண்டிருக்கிறார்கள். அணையும் நகரமும் பின்னால் விழுங்கிய இடங்களும் அவற்றில் உண்டு.

இரண்டாவது சேமிப்பு, 2016-ன் வறட்சி. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. முதல் சென்டினல்-2 அப்போது விண்ணில் இயங்கிக்கொண்டிருந்தது, படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: வறட்சி கடுமையாகிப் பயிரே முளைக்காமல் போனால் படத்தில் வெறும் மண்தான் இருக்கும். நமக்கு வேண்டியது பயிர் முளைத்துப் பாதியில் தவித்த நிலம். ஆகவே 2016 ஐப்பசியையும் கார்த்திகையையும் வாரம் வாரமாகப் பார்த்து, எந்தப் பகுதியில் பசுமை தொடங்கி நடுவில் சரிந்தது என்று முதலில் பிரிக்க வேண்டும். அந்த விவசாயிகளுக்கு அது நெஞ்சு உடைந்த ஆண்டு. அந்த இழப்பிலிருந்து ஒரு அறிவாவது மிஞ்சட்டும் என்று நினைக்கிறேன்.

பயிர்த்தடத்துக்கு எட்டாதவையும் உண்டு. மயிலாடும்பாறையில் அந்தப் பழைய காலக்கணிப்புகளைத் தந்த மாதிரிகள் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்திலிருந்து வந்தவை. அவ்வளவு ஆழத்து மண்ணடுக்கில் நிறம் மாறினால் கேழ்வரகின் சல்லிவேருக்குத் தெரியப்போவதில்லை. தாழி ஒன்று தனியாக ஆழத்தில் கிடந்தாலும் தெரியாது. அதனால் ஒரு கொல்லையில் எதுவும் தெரியவில்லை என்றால் அங்கே எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுக்கக் கூடாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும்போது செயற்கைக்கோள் படத்தில் ஒன்றும் இல்லை என்ற ஒரு வரியே அனுமதியாக மாறிவிடும் ஆபத்து உண்டு. படம் ‘இங்கே பார்’ என்று சொல்லலாம். ‘இங்கே பார்க்க வேண்டாம்’ என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. படம் காட்டிய இடத்திலும் அடுத்த படி கடப்பாரை இல்லை. நடந்து பார்த்துப் பானையோடு பொறுக்குவது, காந்தப்புல அளவீடு, தரை ஊடுருவும் ரேடார், அதற்குப் பிறகுதான் குழி.

இடத்தின் துல்லியக் குறிப்பை ஊரறிய வெளியிடுவதிலும் கவனம் வேண்டும். புதையல் என்று நம்பிக் கல்திட்டையின் தளத்தைப் பெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளில் பெரும்பாலும் இருப்பது எலும்பும் பானையும் துருப்பிடித்த இரும்பும்தான், அவை கலைந்தால் ஆய்வுக்கும் பயனில்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. ஆனால் தன் நிலத்தில் ஏதோ தெரிகிறது என்று கேட்டதும் விவசாயிக்கு வரும் முதல் பயம் நிலத்தைப் பறித்துக்கொள்வார்களோ என்பதுதான். டிரோன் மேலே பறப்பதற்கு முன்பே அவரிடம் போய், எதற்காக எடுக்கிறோம், எடுத்த பிறகு என்ன நடக்கும், என்ன நடக்காது என்று சொல்லி, படத்தின் ஒரு பிரதியை அவர் கையிலேயே தர வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றும் இடம் புதிய கொல்லை எதுவும் இல்லை. ஏற்கெனவே அகழாய்வு நடந்த இடங்கள்தான். அகழ்ந்து முடித்ததும் குழிகளை மூடிவிடுகிறார்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் அங்குலக் கணக்கில் பதிவான, இளகிய மண் நிறைந்த சதுரங்கள் அவை. அப்படி மூடிய நிலத்தில் மீண்டும் பயிர் ஏறியிருந்தால், ஆவணிக் கேழ்வரகின் மேலும் தைமாதக் கொள்ளின் மேலும் டிரோனைப் பறக்கவிட்டு, அந்தச் சதுரம் எந்தப் பயிரில், மழை விட்டு எத்தனையாவது நாளில், எந்த அலைப்பட்டையில் முதலில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். மூடிய குழி எது என்று நமக்கு முன்பே தெரியும். அதைக்கூடக் காட்டாத பயிரை அந்த மண்ணில் வேறெதற்கும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. காட்டிய பயிரை எடுத்துக்கொண்டு, அதே மண்ணும் அதே மொரம்பும் உள்ள பக்கத்துக் கொல்லைக்குப் போகலாம்.